இடைநிறுத்தவியல்: பிக்கரிங் வீடுகளில் வாராந்த விவாத நிகழ்ச்சி நோக்கப்படும் திறம் பற்றிய ஓர் ஆய்வு

தமிழில் எந்த ஆய்வையும் சிந்துவெளியிலிருந்து தொடங்குவது மரபு. இடம் போதாமையால் நான் பிக்கரிங்கிலிருந்து தொடங்குகிறேன். ஒன்ராறியோ ஏரியின் வடகரையில், ரொறன்ரோவின் கிழக்கு எல்லையை ஒட்டியிருக்கும் இந்த நகரில் 2021ஆம் ஆண்டுக் குடித்தொகைக் கணக்கின்படி 99,186 பேர் வாழ்கிறார்கள். அதாவது ஓர் இலட்சத்துக்கு 814 பேர் குறைவு. இந்தக் கழித்தல் என் சொந்தக் கண்டுபிடிப்பு. இதைவிடச் சிறிய கழித்தல்களுக்கு முனைவர் பட்டம் தரப்பட்டிருப்பதால் அடக்கத்துடன் இங்கே பதிவு செய்கிறேன்.

ஸ்காபரோவில் பேஸ்மென்டில் இருந்து, பிறகு மேல்தளத்துக்கு வந்து, பிறகு 401 நெடுஞ்சாலை வழியே கிழக்கே நகர்ந்த தமிழ்க் குடும்பங்கள் பல இங்கே உண்டு. அந்த வீடுகளில் ஞாயிறு தோறும் ஒரு நிகழ்வு நடக்கிறது. வெளியிலிருந்து பார்ப்பவருக்கு அது தொலைக்காட்சி பார்ப்பது போலத் தெரியும். அது பிழை என்பதே இவ்வாய்வின் கருதுகோள்.

ஆய்வின் நோக்கம்

பதவி உயர்வு. அதற்கு வாய்ப்பில்லை என்று தெரிந்த பிறகு, உண்மையைக் கண்டறிதல்.

முன்னாய்வுகள்

இல்லை. ஆகவே அவற்றின் போதாமைகளைச் சுட்டிக்காட்டும் இன்பம் எனக்குக் கிட்டவில்லை.

சான்று காட்டும் முறை

தகவலாளர்களின் பெயர்களை மறைத்து உறவுமுறையை மட்டும் அடைப்புக்குறிக்குள் தந்திருக்கிறேன். பெயரைச் சொன்னால் வழக்கு வரும். உறவுமுறையைச் சொன்னால் கோபம் மட்டும்தான் வரும் (அப்பா, சோபா, இடது முனை). சான்று கிடைக்காத இடங்களில் என்னையே சான்றாகக் காட்டியிருக்கிறேன். துறையில் மூத்தவர்கள் காட்டிய வழி இது (இக்கட்டுரை, கீழே எங்கோ ஓரிடத்தில்).

நடப்பு என்பது யாது?

வாராந்த நடப்பு விவகார நிகழ்ச்சியை ஆராயுமுன் 'நடப்பு' எது என்று வரையறுத்தாக வேண்டும். நடந்துகொண்டிருப்பது நடப்பு என்பது பாமரர் கொள்கை. பிக்கரிங் அதை ஏற்காது. இந்நகரின் வடபாகத்தில் ஒரு விமான நிலையம் கட்டப்போவதாக 1972இல் கனடிய மத்திய அரசு அறிவித்து, ஏறத்தாழ 18,600 ஏக்கர் நிலத்தைக் கையகப்படுத்தியது. உழவர்கள் எதிர்த்தார்கள். 1975இல் ஒன்ராறியோ அரசு வீதியும் குழாயும் போட்டுத் தரமாட்டேன் என்று கையை விரித்ததும் வேலை நின்றது. நின்றதே தவிர, திட்டம் சாகவில்லை. ஒவ்வொரு தேர்தலிலும் அது எழுந்து உட்கார்ந்து, சுற்றிலும் பார்த்துவிட்டு, மறுபடி படுத்துக்கொண்டது. 2025 ஜனவரியில்தான் அப்போதைய போக்குவரத்து அமைச்சர் அனிதா ஆனந்த், தமிழ்த் தந்தைக்குப் பிறந்தவர், விமான நிலையம் வராது என்று முடித்துவைத்தார். ஐம்பத்து மூன்று ஆண்டுகள் ஒரு விமானமும் இறங்காமலே நடப்பு விவகாரமாக இருந்த இடம் இது. ஆகவே நடக்காமலே இருப்பதும் நடப்புதான் என இங்கே வரையறுக்கப்படுகிறது.

இந்த வரையறை கிடைத்ததும் அடுத்த ஐயமும் தீர்ந்துவிடுகிறது. இவ்வீடுகளில் ஓடும் விஜய் தொலைக்காட்சியின் 'நீயா நானா' நடப்பு விவகார நிகழ்ச்சியா, மாமியார் மருமகள் விவகாரமெல்லாம் நடப்பில் சேருமா என்று சிலர் கேட்பார்கள். அப்படிக் கேட்பவர்கள் மணமாகாதவர்கள்.

வரலாறு, சுருக்கமாக

1966 ஏப்ரலில் கோலாலம்பூரில் முதலாவது உலகத் தமிழாராய்ச்சி மாநாடு கூடியது. அதே ஆண்டு செப்டெம்பரில் கனடாவின் சிரிவி அலைவரிசையில் 'டபிள்யூ5' என்ற வாராந்த நிகழ்ச்சி தொடங்கியது. யார், என்ன, எப்போது, எங்கே, ஏன் என்ற ஐந்து கேள்விகளே அதன் பெயர். இரண்டுக்கும் தொடர்பு உண்டா? உண்டு. இரண்டிலும் கேள்வி கேட்பவருக்கு விடை முன்பே தெரிந்திருக்கும். வேறுபாடு என்னவென்றால், டபிள்யூ5 2024இல் தனி நிகழ்ச்சி என்ற நிலையை இழந்து செய்திப் பிரிவுக்குள் ஒடுங்கிவிட்டது. மாநாடுகளுக்கு அப்படி ஒரு கேடும் வரவில்லை. ஒரே கட்டுரையைத் தலைப்பை மாற்றி மூன்று மாநாடுகளில் படிக்கும் கலை இருக்கும் வரை வராது.

1968இல் அமெரிக்காவில் '60 மினிட்ஸ்'. அதற்கு முகப்பு இசை கிடையாது, ஓடும் கடிகாரத்தின் ஓசை மட்டும்தான். அதில் பல்லாண்டு பணியாற்றிய மோர்லி சேஃபர் ரொறன்ரோவில் பிறந்தவர் என்பதால் அந்த நிகழ்ச்சியில் நமக்கும் பங்குண்டு என்பது உள்ளூர்க் கொள்கை. 1975இல் சிபிசியின் 'த ஃபிஃப்த் எஸ்டேட்'. அதன் தொடக்க கால நெறியாளர்களில் ஒருவரான ஏட்ரியன் கிளார்க்சன் 1999இல் கனடாவின் ஆளுநர் நாயகம் ஆனார். அவருக்கு அடுத்து அப்பதவிக்கு வந்த மிஷேல் ஜானும் தொலைக்காட்சியிலிருந்து வந்தவரே. இலங்கையில் சக்தி தொலைக்காட்சியில் 'மின்னல்' நடத்திய சிறீரங்கா 2010இல் நுவரெலியா மாவட்டத்திலிருந்து நாடாளுமன்றம் போனார். வாரந்தோறும் கேள்வி கேட்டுக்கொண்டே இருந்தால் கடைசியில் பதில் சொல்லவேண்டிய நாற்காலியில் கொண்டுபோய் உட்கார்த்திவிடுவார்கள் என்பது இதிலிருந்து பெறப்படும்.

தமிழ்நாட்டில் சன் தொலைக்காட்சியில் விசு நடத்திய 'அரட்டை அரங்கம்' ஞாயிறுகளை ஆண்டது. 2006இல் 'நீயா நானா' வந்தது. எதிரெதிராக இரு அணிகள், நடுவில் நின்றபடி நெறியாளர் கோபிநாத். அவர் எழுதிய நூலொன்றின் தலைப்பு 'ப்ளீஸ்! இந்தப் புத்தகத்தை வாங்காதீங்க'. நம் பல்கலைக்கழகங்கள் வெளியிடும் ஆய்வுக்கோவைகளின் அட்டையில் சட்டப்படி அச்சிடவேண்டிய வாசகம் அது.

பட்டிமண்டபத்துக்கும் 'நீயா நானா'வுக்கும் உள்ள ஒரு வேறுபாட்டை மட்டும் இங்கே பிடித்துக்கொள்ள வேண்டும். பட்டிமண்டபத்தில் நடுவர் இருக்கிறார், கடைசியில் தீர்ப்பு உண்டு. சாலமன் பாப்பையா மணி அடித்தால் பொங்கல் முடிந்தது. 'நீயா நானா'வில் தீர்ப்பு இல்லை. இரு பக்கமும் பேசி முடித்து, விருந்தினர்களும் பேசி, நெறியாளர் தொகுத்துச் சொல்வதோடு சரி. தீர்ப்பு வழங்கும் பொறுப்பு பார்வையாளரிடம் விடப்படுகிறது. பிக்கரிங்கில் அந்தப் பொறுப்பை யாரும் தட்டிக்கழித்ததாகத் தெரியவில்லை.

(இங்கே பிறந்த பேரப்பிள்ளைகள் இடையில் வந்து "ஆர் வெல்லுறது?" என்று கேட்பதுண்டு. ஒருத்தரும் வெல்லமாட்டினம் என்றால் ஒப்புக்கொண்டு போய்விடுவார்கள். ரொறன்ரோ மேப்பிள் லீஃப்ஸ் 1967க்குப் பிறகு ஸ்ரான்லி கிண்ணத்தை வென்றதில்லை. வெற்றியில்லாத ஆட்டத்தை ஆண்டாண்டாகப் பார்ப்பது அவர்களுக்குப் பழக்கம்.)

இருக்கைகள்

ரொறன்ரோப் பல்கலைக்கழகத்தின் ஸ்காபரோ வளாகத்தில் ஒரு தமிழ் இருக்கைக்காக உலகெங்குமிருந்து 30 இலட்சம் டொலர் திரட்டப்பட்டது. பிக்கரிங் வீட்டுச் சோபா அதைவிட மலிவு. அதில் அமர நடக்கும் போட்டி மட்டும் அதே அளவு.

இடது முனை: ரிமோட்டுக்குரியவர். வலது முனை: எதிர்க்கட்சி. நடு: விருந்தினர், மாப்பிள்ளை முறையானவர், இருபுறமும் தலையாட்டுபவர். சமையலறை வாசல்: எதையும் பார்க்காமல் எல்லாவற்றையும் கேட்பவர். மாடிப்படி: இளையோர், காதில் கருவியுடன். இவற்றுள் சமையலறை வாசலே அதிகாரம் மிக்கது. அங்கிருந்து வரும் கருத்துக்கு மறுப்பு எழுந்ததாகப் பதிவில்லை (அம்மா, குரல் மட்டும், தாளிக்கும் ஓசையால் முதற்பாதி சிதைந்துள்ளது).

இடைநிறுத்தம்

இனி ஆய்வின் உயிர்நிலைக்கு வருகிறேன். ஒரு மணி நேரத்துக்குச் சற்று மேற்பட்ட நிகழ்ச்சி பிக்கரிங் வீட்டில் ஏன் மத்தியானச் சாப்பாட்டில் தொடங்கி விளக்கு வைக்கும் நேரத்தில் முடிகிறது? காரணம் ரிமோட்டில் உள்ள இரட்டைக் கோட்டுப் பொத்தான்.

முற்காலத்தில் இப்பொத்தான் இல்லை. நிகழ்ச்சி தன் பாட்டில் ஓடும். அதை நிறுத்திவைக்க மனிதரால் ஆகாது. ஆனால் விளம்பரம் இருந்தது. சோப்பும் புடவைக்கடையும் நகைக்கடையும் வந்து போகும் அந்தச் சில நிமிடங்களே வீட்டின் பேச்சுரிமை. "பொறு, விளம்பரம் வரட்டும்" என்பது அன்று சபை ஒழுங்கு. திரை பேசும்போது வீடு கேட்டது. விளம்பரம் வந்ததும் வீடு பேசியது. பிறகு பதிவுப் பெட்டி வந்தது, யூடியூப் வந்தது. விளம்பரத்தைத் தாண்டிக் குதிக்க வழி பிறந்தது. எல்லோரும் மகிழ்ந்தார்கள். சில வாரங்களில்தான் உணர்ந்தார்கள், விளம்பரத்தோடு வீட்டின் பேச்சு நேரமும் போய்விட்டது. அந்த வெற்றிடத்தில் பிறந்ததே இடைநிறுத்தம். வணிகர்கள் இலவசமாகத் தந்துகொண்டிருந்ததை வீட்டார் தாமே செய்துகொள்ள நேர்ந்தது (மைத்துனர், காரிலிருந்து புளூடூத் வழி, வைட்ஸ் வீதி வெளிவழிக்கும் லிவர்பூல் வீதி வெளிவழிக்கும் இடையே, பாரவண்டி கடந்ததால் ஒரு சொல் ஐயத்துக்குரியது).

இடைநிறுத்தம் தன்மை, முன்னிலை, படர்க்கை என மூவகைப்படும்.

தன்மை இடைநிறுத்தமாவது, ரிமோட் வைத்திருப்பவர் தம் வரலாறு கூறுவதற்காக நிறுத்துவது. திரையில் ஓர் இளைஞர் "எங்க அப்பா என்னைப் பாராட்டினதே இல்லை" என்று தொண்டை அடைக்கச் சொல்வார். உடனே படம் நிற்கும். "நான் கொழும்பில வேலை செய்யேக்க…" என்று இடது முனை தொடங்கும். இவ்வகையில் கேட்போர் தேவையில்லை. இருப்பர், ஆனால் தேவையில்லை. கதை எங்கே முடியும் என்று எல்லோருக்கும் தெரிந்திருப்பதால் அந்நேரத்தில் தேத்தண்ணி போடப்படும், உடுப்பு மடிக்கப்படும், ஒருவர் குளித்துவிட்டும் வரலாம்.

படர்க்கை இடைநிறுத்தம், அவ்விடம் இல்லாதவரைப் பற்றியது. "உதுதான் அவையின்ர வீட்டிலையும் நடந்தது." இது மிக நீளமானது, மிக இனிமையானது. சோபாவின் இரு முனைகளும் ஒன்றுபடும் ஒரே தருணம். மாடிப்படியிலிருந்துகூட ஒரு காது கழற்றப்படும். மூன்று வகையிலும் குடும்ப ஒற்றுமைக்கு உகந்தது இதுவே என்பது கள ஆய்வின் முடிவு (பெரியம்மா, வட்ஸ்அப் குரற்பதிவு, இருமுறை தும்மல், "இதை ஒருத்தருக்கும் அனுப்பாதை" என்ற தொடக்கத்துடன், மூன்று குழுக்களில் கிடைத்தது, பாடபேதம் இல்லை).

முன்னிலை இடைநிறுத்தமே ஆய்வாளரின் தூக்கத்தைக் கெடுத்தது. எதிரே இருப்பவரை நோக்கியது அது. ஆனால் எதிரே இருப்பவரிடம் சொல்லப்படாது. மாமி ஒருவர் படத்தை நிறுத்தச் சொல்கிறார். திரையில் வாய் திறந்தபடி நிற்கும், முன்பின் அறியாத கோயம்புத்தூர்ப் பெண்ணைப் பார்த்து, "பிள்ளை, வேலைக்குப் போறது சரி, ஒருநாளைக்கு ஒருக்காலாவது சமைச்சால் கை தேய்ஞ்சு போயிடுமோ?" என்கிறார். கோயம்புத்தூர்ப் பெண் பதில் சொல்லவில்லை. சற்றுத் தள்ளி இருக்கும் மருமகள் ரிமோட்டை வாங்கி, படத்தைச் சற்றே ஓடவிட்டு, எதிரணியில் ஒரு மூத்த அம்மாள் வந்ததும் நிறுத்தி, அவரிடம் சொல்கிறார்: "உங்கட மகனுக்கும் கை இருக்குத்தானே அன்ரி?"

இதை ஏதோ புதுமை என்று எண்ணவேண்டாம். ஒருவர் முன்னிலையில் நின்றே, அவரிடம் அல்லாததுபோல அவரைச் சொல்வதை 'முன்னிலைப் புறமொழி' என்று தொல்காப்பியர் காலத்திலேயே பெயரிட்டு வைத்துவிட்டார்கள். அகப்பாடல்களில் தலைவன் வேலிக்கு வெளியே நின்று கேட்டுக்கொண்டிருக்க, தோழி தலைவிக்குச் சொல்வதுபோல அவனுக்குச் சொல்வாள். அதற்குச் 'சிறைப்புறம்' என்று துறைக் குறிப்பு எழுதுவார்கள். மேலே கண்ட காட்சிக்கும் நான் ஒரு குறிப்பு எழுதிவைத்திருக்கிறேன்: 'மகன் கராஜ் கதவின் சிறைப்புறத்தானாக, கோயம்புத்தூர்ப் பெண்ணிற்கு உரைப்பாள் போன்று மாமி மருமகட்கு உரைத்தது.' மகன் உண்மையிலேயே அங்கேதான் நின்றார். கோஸ்ற்கோவில் வாங்கிய தண்ணீர்ப் போத்தல்களை உள்ளே கொண்டுவரவேண்டியவர், பேச்சு ஓயட்டும் என்று வாகனத்துக்கும் கதவுக்கும் இடையில் காத்திருந்தார். சங்கத் தலைவனுக்கு யானையும் இரவும் மழையும் இடையூறு. இவருக்கு மைனஸ் பதினைந்து பாகை.

முன்னிலைப் புறமொழி பற்றித் தமிழ்த் துறைகளில் பல ஆய்வேடுகள் உண்டு. ஒன்றிலேனும் கராஜ் இல்லை. ஞாயிற்றுக்கிழமை ஒருவர் வீட்டில் போய் உட்கார்ந்திருந்தால் கிடைத்திருக்கும். ஆனால் ஞாயிற்றுக்கிழமை அவர்கள் ஒருவர் மற்றவரின் நூலை வெளியிட்டுக்கொண்டிருப்பார்கள்.

இவ்விடத்தில் துணைக்கேள்வி ஒன்று எழுகிறது. நிறுத்தியபோது திரையில் உறைந்துபோகும் முகம் யாது செய்கிறது? அது நடுவராக இருக்கிறது. பாதி திறந்த வாய், பாதி மூடிய கண், மேலே எழுந்த ஒரு கை. வீட்டார் அனைவரும் தம் வாதத்தை அந்த முகத்திடம்தான் முறையிடுகிறார்கள். அது ஒருபோதும் குறுக்கிடுவதில்லை. ஓடும்போது அந்த மனிதர் சொன்ன எதையும் ஏற்காதவர்கள், நின்றபோது அவர் தம் கட்சி என்றே நம்புகிறார்கள். இடது முனை அந்த வாய் ஆமோதிக்கிறது என்றது. வலது முனை அது கொட்டாவி என்றது. சமையலறை வாசல் வந்து பார்த்து, "பாவம், பசிக்குதாக்கும்" என்றது. மறுப்பு எழவில்லை.

இடைநிறுத்தம் நீண்டால் பெட்டி சலித்துப்போய்த் தானாகவே அருவிகளையும் பனிமலைகளையும் காட்டத் தொடங்கும். அருவியைக் கண்டதும் பேச்சு ஓயும். எங்கே விட்டோம் என்று எவருக்கும் நினைவிராது. சற்றுப் பின்னால் ஓட்டுவார்கள். அதே இளைஞர் அதே தொண்டை அடைக்க, "எங்க அப்பா என்னைப் பாராட்டினதே இல்லை" என்பார். படம் நிற்கும். "நான் கொழும்பில வேலை செய்யேக்க…" (அப்பா, மேற்படி சோபா, மேற்படி முனை, மேற்படி கதை, கொழும்பு வெள்ளவத்தை ஆகியது, முந்திய வாரப் பாடத்தில் மருதானை, எது மூலப்பாடம் என்பது பற்றிச் சித்தப்பா தனிக் கொள்கை உடையவர், அதை அவர் கராஜில் வைத்து மட்டும் சொல்வார்).

கோடையில் சென்னை பிக்கரிங்கைவிட ஒன்பதரை மணி நேரமும் குளிர்காலத்தில் பத்தரை மணி நேரமும் முன்னால் இருக்கிறது. ஆகவே அங்கேயும் யாழ்ப்பாணத்திலும் இருக்கும் உறவினர்கள் நிகழ்ச்சியைப் பார்த்து முடித்து, நாம் பல் துலக்குமுன் தொலைபேசியில் கூப்பிட்டுத் தீர்ப்பைச் சொல்லிவிடுகிறார்கள். தீர்ப்பே இல்லாத நிகழ்ச்சியின் தீர்ப்பைச் சொல்லிக் கெடுப்பது எப்படி என்ற சிக்கலை நான் மாணவர்களுக்கு விட்டுவிடுகிறேன்.

விதிவிலக்கு

இடைநிறுத்தமே நிகழாத ஞாயிறு ஒன்று பதிவில் உண்டு. 2020 ஜனவரி 12. காலை ஏழரை மணியளவில், ஒன்ராறியோ முழுவதும் கைபேசிகள் ஒரே நேரத்தில் அலறின. பிக்கரிங் அணு மின்நிலையத்தில் ஏதோ சம்பவம், கதிரியக்கக் கசிவு இல்லை, இருந்தாலும் அவசர ஊழியர்கள் கவனிக்கிறார்கள் என்றது செய்தி. 1971இலிருந்து ஏரிக்கரையில் மின்சாரம் ஆக்கிக்கொண்டிருக்கும் நிலையம் அது. அதைச் சுற்றிப் பத்துக் கிலோமீற்றருக்குள் உள்ள வீடுகளுக்கு அயோடைட் மாத்திரை முன்பே விநியோகிக்கப்பட்டிருக்கிறது. ரிமோட்டுக்குரிய பற்றரி கிடக்கும் அதே லாச்சியில்தான் அது பெரும்பாலும் கிடக்கும் என்பது கள ஆய்வு.

தொலைக்காட்சி உடனே போடப்பட்டது. செய்தி அலைவரிசை. ஒருவரும் நிறுத்தச் சொல்லவில்லை. இடது முனைக்குக் கொழும்பு நினைவுக்கு வரவில்லை. மருமகள் மாமிக்குச் சால்வை எடுத்துக் கொடுத்தார், மாமி மருமகளிடம் நேராக, இடையில் கோயம்புத்தூரை வைக்காமல், "பிள்ளையளை எழுப்பு" என்றார். அனுப்பப்பட்டது தவறான அறிவிப்பு, வழக்கமான சோதனை ஒன்றின்போது ஒருவர் செய்த பிழை என்று திருத்தம் வர ஏறத்தாழ ஒன்றே முக்கால் மணி நேரமானது. வந்ததும் இடது முனை ரிமோட்டைத் தேடியெடுத்தது. அன்றைய விவாதத் தலைப்பு, இந்த நகரத்துக்கு வீடு மாறலாம் என்று முதலில் சொன்னது யார்.

ஆய்வு எல்லை

பிக்கரிங்குக்கு அடுத்த ஊரான ஏஜாக்சில் நிலைமை வேறாக இருக்கலாம். அங்கே எனக்குச் சொந்தக்காரர் இல்லை.

வேண்டுகோள்

இவ்வாய்வை மறுக்க விரும்பும் அறிஞர்கள் மறுப்புரை எழுதி அனுப்பவேண்டாம், நேரில் வரவும். எந்த ஞாயிறும் வரலாம், குளிர்காலமானால் சப்பாத்தை வாசலிலேயே கழற்றவும். ரோல்ஸ் உண்டு, தேத்தண்ணி உண்டு, நடு இருக்கை காலியாகவே இருக்கிறது. இருபுறமும் தலையாட்டத் தெரிந்தால் போதும். ரிமோட்டை மட்டும் யாரும் கேட்கக்கூடாது.